கரும்புக்கும் நாணலுக்கும் உறவு தேடிய ஜானகி அம்மாள்

ஓசூரில் வசிக்கும் நமக்கு ரோஜா புதிதல்ல. பாகலூர் பக்கமோ தளி பக்கமோ போனால் சாலையின் இருபுறமும் பசுமைக்குடில்கள் நிற்கின்றன. பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் இங்கே விளையும் ரோஜாக்கள் பெட்டி பெட்டியாக வெளிநாடுகளுக்குப் பறக்கின்றன. நம் சமுதாயத்தைச் சேர்ந்த பலரும் பூ வியாபாரத்திலும், கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிகளிலும், ராயக்கோட்டை தக்காளி வியாபாரத்திலும் இருக்கிறார்கள். செடியையும் காயையும் பூவையும் நம்பித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ஆனால் ஒரு செடி ஏன் இப்படி இருக்கிறது, அதன் உறவுக்காரச் செடிகள் எவை, காட்டில் வளர்ந்த அதன் மூதாதை எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட ஒரு பெண்மணி, சென்னையில் படித்து, கோவையில் ஆராய்ந்து, உலகம் சுற்றி, கடைசியில் சென்னை மதுரவாயலில் உயிர் நீத்தார். அவர் பெயர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள். பிளஸ் டூ முடித்த மகளை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா, மாப்பிள்ளை பார்ப்பதா என்று நம் வீடுகளில் பேச்சு நடக்கும் இந்தக் காலத்தில், அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறோம்.

தலச்சேரியிலிருந்து சென்னைக்கு

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தை ஈ.கே. கிருஷ்ணன் அங்கே சப் ஜட்ஜாக இருந்தவர். இயற்கையை உற்றுக் கவனிப்பதில் ஆர்வம் உள்ளவர். வீட்டில் தோட்டமும் புத்தகங்களும் இருந்தன. தாயார் பெயர் தேவி. உடன் பிறந்தவர்கள் ஏராளம். பெரிய குடும்பத்தில் நடுவில் பிறந்த பெண் அவர். அவர்கள் சார்ந்த தீயா சமூகத்தை, அன்றைய சாதி அடுக்கில் பின்தங்கிய இடத்தில் வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1921-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 100-க்கு 2 பேர்கூட இல்லை. அதே 1921-ல் ஜானகி அம்மாள் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அதற்கு முன் ராணி மேரி கல்லூரியில் படித்திருந்தார். பிறகு சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கினார்.

சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகத் திருமணம் நடந்தது. இவருக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பேசப்பட்டது. அந்த நேரத்தில்தான் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசிய நாட்டுப் பெண்களுக்காக வழங்கிய பார்பர் உதவித்தொகை இவரைத் தேடி வந்தது. ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். 1924-ல் கப்பல் ஏறினார். முதுகலை முடித்து ஊர் திரும்பிச் சிறிது காலம் பாடம் நடத்திவிட்டு மீண்டும் மிச்சிகன் சென்று, 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் இத்தகைய பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். கடைசி வரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

திருமணத்தை விட்டால்தான் படிக்க முடியும் என்ற பாடத்தை இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவர் காலத்தில் ஒரு பெண்ணுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இன்று நம் பெண்களுக்கு இரண்டையும் சேர்த்துத் தரும் வசதி நம் கையில் இருக்கிறது. அதைத் தருகிறோமா என்பதுதான் கேள்வி.

செடிகளுக்கும் வம்சாவளி உண்டு

ஜானகி அம்மாள் செய்த வேலையைப் புரிந்துகொள்ள, தாவரங்களை எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நம் சந்தையில் பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என்று எத்தனையோ மாம்பழங்கள். பெயர் வேறு, ருசி வேறு, விலை வேறு. ஆனால் அறிவியல் கணக்கில் எல்லாம் ஒரே இனம். அதே சமயம் மாவும் முந்திரியும் வேறு வேறு இனங்கள். ஆனாலும் ஒரே குடும்பம். தக்காளி, கத்திரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் இன்னொரு குடும்பம். பூவின் அமைப்பு, காயின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்து இப்படிப் பிரித்தார்கள்.

தாவரங்களை வரிசைப்படுத்தி எழுதும் முயற்சி மிகப் பழையது. முஸ்லிம் அறிஞர்களும் இதில் பெரும் பங்கு ஆற்றியிருக்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி தாவரங்களுக்கென்றே கிதாபுந் நபாத் என்ற நூலை எழுதினார். மலாகாவில் பிறந்து 1248-ல் டமாஸ்கஸில் மறைந்த இப்னுல் பைத்தார், மூலிகை, உணவு, மருந்து என 1,400-க்கும் மேற்பட்ட பொருள்களை ஒரே நூலில் அகர வரிசையில் தொகுத்தார்.

20-ஆம் நூற்றாண்டில் இந்த அறிவு இன்னொரு படி ஏறியது. வெளித்தோற்றத்தோடு நிற்காமல், செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களையும் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்கள். மனிதருக்கு 46 குரோமோசோம்கள் என்பது பள்ளிப் பாடம். ஒவ்வொரு தாவரத்துக்கும் இப்படி ஓர் எண் உண்டு. இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வம்சாவளியே தெரியும்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். களியாகவும் கூழாகவும் நாம் சாப்பிடும் இந்தத் தானியம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மிகப் பழங்காலத்தில் இங்கே வந்தது. அதற்கு 36 குரோமோசோம்கள். வரப்பில் களையாக முளைக்கும் அதன் உறவுப் புல்லுக்கு 18 மட்டும். சரியாக இரண்டு மடங்கு. கோதுமையிலும் இப்படித்தான். பழைய வகைக்கு 14, ரவைக்கான வகைக்கு 28, நாம் சப்பாத்திக்கு மாவரைக்கும் கோதுமைக்கு 42. காட்டு ரோஜாக்கள் பலவற்றுக்கு 14. பசுமைக்குடிலில் வளரும் கொய்மலர் ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28.

இரண்டு செடிகள் கலந்து, குரோமோசோம்கள் இரட்டித்து, புதிய செடி உண்டாவது தாவர உலகில் சாதாரணமாக நடக்கும் ஒன்று. பரிணாமத்தில் புதிய இனங்கள் தோன்றும் வழிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பன்மடங்குப் பெருக்கத்தைத்தான் ஜானகி அம்மாள் தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

கோவையும் கரும்பும்

அமெரிக்காவிலிருந்து திரும்பியவர் திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். 1934-ல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912-ல் தொடங்கப்பட்ட நிலையம் அது.

அன்றைக்கு இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. தடித்து, சாறு நிறைந்து, இனிப்பாக இருந்த வெப்பமண்டலக் கரும்பு வட இந்தியக் குளிரைத் தாங்கவில்லை. ஆற்றங்கரைகளில் தானாக வளரும் நாணலோ எதையும் தாங்கும்; ஆனால் இனிப்பு இல்லை. கரும்பும் நாணலும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். இரண்டையும் கலந்து கோவையில் உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளிவந்தது. நம் நாட்டின் சர்க்கரைத் தொழிலுக்கு அது பெரிய திருப்பமாக அமைந்தது.

ஜானகி அம்மாள் வந்த பிறகு இந்த உறவை இன்னும் ஆழமாகத் தோண்டினார். இந்தியாவின் பல பகுதிகளில் வளரும் நாணல் வகைகளின் குரோமோசோம்களை எண்ணினார். ஒரே நாணல் என்று நாம் நினைப்பதற்குள் எத்தனை வேறுபாடுகள் இருக்கின்றன, அதன் பிறப்பிடம் எது என்று ஆராய்ந்தார். அந்த நாணல் இனம் இந்தியாவில்தான் தோன்றியது என்ற முடிவுக்கு அவருடைய ஆய்வு துணை நின்றது. கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு பல புல் வகைகளோடும் கலந்து, அபூர்வமான கலப்பினங்களையும் உருவாக்கினார்.

1935-ல், சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் தனியாக வாழும் பெண், அதுவும் பின்தங்கிய சமூகத்துப் பெண் என்பதால், ஆண்களே நிறைந்திருந்த அன்றைய பணிச்சூழல் அவருக்கு எளிதாக இருக்கவில்லை.

குண்டு மழையில் ஆராய்ச்சி

1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மரபியல் மாநாடு நடந்தது. அதற்காகப் போயிருந்த நேரத்தில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டன் அருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை வேலை செய்தார். ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவாராம்.

அந்த உழைப்பின் பலன், 1945-ல் சி.டி. டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து வெளியிட்ட நூல். மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் திரட்டி, அவை எங்கே தோன்றியிருக்கும் என்ற செய்தியோடு தொகுத்த பெருநூல் அது. பயிர்களின் பிறப்பு வரலாற்றை ஆராய்பவர்களுக்குப் பல ஆண்டுகள் அது கைநூலாக இருந்தது.

1946 முதல் 1951 வரை விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தில் பணியாற்றினார். அங்கே சம்பளத்துக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர்தான். கால்ச்சிசின் என்ற பொருளைச் செடிகளின் மேல் பயன்படுத்தி ஆய்வு செய்தார். செல் பிரியும்போது குரோமோசோம்கள் இரண்டு பக்கமாக விலகிப் போவதை அது தடுத்துவிடும். அதனால் குரோமோசோம் எண்ணிக்கை இரட்டித்துவிடும். இப்படி இரட்டித்த செடிகளில் இலையும் பூவும் பல நேரம் தடித்தும் பெரிதாகவும் வளரும். அவர் இப்படி வளர்த்த மக்னோலியா மரங்களில் ஒரு வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் சூட்டினார்கள். வெள்ளைப் பூக்கள் பூக்கும் மரம் அது.

நம் மாநில மலரான செங்காந்தளிலும் இந்தக் கால்ச்சிசின் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று தமிழ்நாட்டு விவசாயிகள் பயிரிடுவது அதைத்தான். கடும் விஷமுள்ள செடி. பிள்ளைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் செடிகள் நம் நாட்டில்

1951-ல், பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். 1890-ல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தை மறுசீரமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது.

அதுவரை இந்தியத் தாவரங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் லண்டனுக்குத்தான் போக வேண்டியிருந்தது. இங்கே சேகரித்த மாதிரிகளில் பெரும் பகுதி அங்கேதான் சேர்ந்திருந்தது. இந்தியத் தாவரங்களை இந்தியர்களே சேகரிக்க வேண்டும், மாதிரிகள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. மறுசீரமைப்புக்குப் பின் பல ஊர்களில் வட்டார மையங்கள் வந்தன. தென்னிந்தியாவுக்கான மையம் 1955-ல் கோவையில் அமைந்தது. அங்கே உலர்த்திய தாவர மாதிரிகள் லட்சக்கணக்கில் பாதுகாக்கப்படுகின்றன. பூக்கும் செடிகளோடு பாசி, பூஞ்சை, லைக்கன், பாறைப்பாசி வரை ஆராய்வது இந்த ஆய்வகத்தின் வேலை. பூஞ்சைகளைத் தாவரத்தோடு சேர்த்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. இன்று அவை தனி உலகம் என்று பிரித்துவிட்டார்கள். நாம் சமைக்கும் காளான், வம்சாவளிப்படி பார்த்தால் செடிகளைவிட விலங்குகளுக்கே நெருக்கம்.

இமயமலைத் தாவரங்களையும் ஜானகி அம்மாள் ஆராய்ந்தார். குளிரும் ஈரமும் சேர்ந்த வடகிழக்கில் புதிய இனங்கள் தோன்றுவது அதிகம் என்றும், குளிரும் வறட்சியும் உள்ள வடமேற்கில் அது குறைவு என்றும் கண்டார். சீனாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் பரவிய தாவரங்கள் வடகிழக்கில் இந்தியத் தாவரங்களோடு கலந்ததை இதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்.

ஆனால் அந்தக் காடுகள் அவர் கண் முன்னாலேயே அழிந்துகொண்டிருந்தன. உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று நிலம் திருத்திய காலம் அது. அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியா கிரிஃபித்தி மரத்தைப் பார்க்க ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து போனார். போய்ப் பார்த்தபோது மரம் எரிந்து போயிருந்தது. 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றுகிறான் என்பது பற்றி நடந்த புகழ்பெற்ற கருத்தரங்கில் கட்டுரை படிக்க அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர்தான். பழங்குடி மக்கள் தாவரங்களைப் பற்றி வைத்திருக்கும் அறிவை மதிக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

80 வயதிலும் ஓயவில்லை

அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று பல இடங்களில் பணியாற்றிவிட்டு, 1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானியாகச் சேர்ந்து, மதுரவாயலில் இருந்த கள ஆய்வு நிலையத்தில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்தார். எளிய வாழ்க்கை வாழ்ந்தார். மஞ்சள் நிறச் சேலைகளை விரும்பி உடுத்துவார். 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் சைலன்ட் வேலி என்னும் மழைக்காட்டை மூழ்கடித்து நீர்மின் அணை கட்டும் திட்டம் இருந்தது. மின்சாரமும் வேலையும் வரும் என்ற நியாயத்தையும் பலர் சொன்னார்கள். காட்டைக் காக்க எழுந்த இயக்கத்தில், 80 வயதைத் தாண்டிய ஜானகி அம்மாளும் சேர்ந்தார். குரல் கொடுத்ததோடு நிற்காமல், அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார். என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை இழக்கப் போகிறோம் என்று தெரியும் என்பது அவர் வழி. முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 7 அன்று, 86-ஆம் வயதில் அவர் காலமாகியிருந்தார்.

தாவர வகைப்பாட்டில் சிறந்து விளங்குபவர்களுக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அவர் பெயரில் விருது வழங்குகிறது. கொடைக்கானலில் ரோஜா இனங்களை உருவாக்கும் ஒரு தம்பதியர், தாங்கள் வளர்த்தெடுத்த மஞ்சள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் புதிய தொழிற்சாலைகள் வந்தபடி இருக்கின்றன. ஷிஃப்ட் பஸ்களில் ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்கு வருவது நல்ல விஷயம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளையும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டால், அந்தப் பிள்ளைக்குள் இருந்த ஆய்வாளர் யாருக்கும் தெரியாமலே போய்விடுவார். டாக்டர், இன்ஜினியர் இரண்டைத் தவிர வேறு படிப்பு இல்லை என்று நினைக்கும் பெற்றோரும் நம்மிடையே நிறைய. தாவரவியல், வேளாண்மை, தோட்டக்கலை, உயிரித் தொழில்நுட்பம் எல்லாம் நம் மண்ணுக்கும் நம் வியாபாரத்துக்கும் நேரடியாகப் பயன்படும் படிப்புகள். பெங்களூரும் கோவையும் நமக்கு எட்டாத தூரமல்ல.

இன்னொன்றும் உண்டு. நம் வட்டாரத்தில் ஒருபுறம் தொழிற்பேட்டை வளர்கிறது. மறுபுறம் தளி, அஞ்செட்டி மலைக்காடுகள் காவிரி வரை நீள்கின்றன. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை ஒவ்வொரு மழைக்கும் செய்தியில் பார்க்கிறோம். ஏரிகளை ஆகாயத்தாமரை மூடுவதையும் பார்க்கிறோம். வேலையும் வேண்டும், நீரும் காடும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டுமானால், நம் ஏரியிலும் மலையிலும் என்னென்ன வளர்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.

வரும் மே மாதம் தேர்வு முடிவுகள் வரும். மகள் எந்தப் பாடத்தை விரும்புகிறாள் என்று முதலில் அவளிடம் கேட்போம். அவள் செடி கொடிகளைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டால், அதில் என்ன இருக்கிறது என்று உதறிவிடாமல், விண்ணப்பம் வாங்கிக் கொடுப்போம். உதவித்தொகைக்கு எங்கே எழுத வேண்டும் என்று தெரியாத குடும்பங்களுக்கு, தெரிந்தவர்கள் ஜமாஅத்தில் உட்கார்ந்து வழிகாட்டுவோம். 1924-ல் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த ஒரே ஒரு உதவித்தொகை, நம் நாட்டுக் கரும்பிலிருந்து காடு வரை எத்தனை பயன்களைத் தந்தது என்பதை மேலே பார்த்தோம். நம் பிள்ளைகளுக்கும் அந்த வாசலைத் திறந்து வைப்போம்.